மாடித் தோட்டத்தில் செம்பேன்: கொங்கு வெயிலுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

மாசி பிறந்து பனி விட்டதும் கத்தரி, வெண்டை, அவரை, ரோஜா இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் விழத் தொடங்கும். முதலில் நடு நரம்பை ஒட்டி இருக்கும், அப்புறம் இலை முழுக்கப் பரவும். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சை போய் இலை வெளிறிப் பழுப்படிக்கும். கிளை நுனியில் நூலாம்படைபோல வலை தெரியும். இதைச் செய்கிற சிறிய சிலந்திப்பேனைக் கொங்குப் பக்கம் செம்பேன் என்பார்கள், செவட்டை என்றும் சொல்வார்கள். சத்துக் குறைவில் இலை சிவந்தாலும் செவட்டை என்றே சொல்கிற பழக்கம் உண்டு. அதனால் பெயரை மட்டும் கடைக்காரரிடம் சொல்லி மருந்து வாங்கி வந்தால் பாதி நேரம் தப்பான மருந்துதான் கைக்கு வரும்.

மருந்து அடித்தும் செம்பேன் திரும்ப வருகிறது என்பதுதான் எல்லாருடைய புலம்பலும். மருந்துக்கு வீரியம் பத்தவில்லை என்று அளவைக் கூட்டுகிறார்கள். உண்மையில் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். இலையின் அடிப்பக்கம் நனைந்திருக்காது. இரண்டாவது தெளிப்பு நாள் தப்பியிருக்கும். செம்பேனைத் தின்ன வந்த பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றிருப்போம். இந்த மூன்றையும் சரி செய்தால் சோப்பும் வேப்பெண்ணெயுமே போதும்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் சில துகள்கள் மெல்ல நகர்ந்தால் செம்பேன் இருக்கிறது. தாளை விரலால் தேய்த்தால் பச்சையும் சிவப்பும் கலந்த கறை வரும்.

அதற்கு மேல் தெரிய 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். வாங்காதவர்கள் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஓரளவு தெரியும். கத்தரி இலையின் அடியில் லென்ஸை வைத்தால் மயிர்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டருக்கும் சிறிய, எட்டுக் கால் உள்ள உடம்புகள் தெரியும். சிலவற்றின் முதுகில் இரண்டு பக்கமும் கரும்புள்ளி இருக்கும், சில முழுச் செங்கல் நிறம். பக்கத்தில் பனித்துளிபோல உருண்டையான முட்டைகள். வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடப்பது மாவு இல்லை, அது உரித்துப் போட்ட சட்டை. இவை எல்லாமே நிதானமாகத்தான் நகரும். அதே இலையில் பேரிக்காய் வடிவில், பளபளப்பாக, நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற ஒன்று தெரிந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது செம்பேனைத் தின்கிற இரைவிழுங்கிப் பேன்.

குழப்பம் வருகிற இடங்கள் சில உண்டு. மிளகாயில் குருத்து இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, வலையே இல்லாமல் இருந்தால் அது மஞ்சள் சிலந்திப்பேன். இலை மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். தென்னங்குரும்பையில் முக்கோணத் திட்டாகத் தொடங்கிப் பழுப்பு வெடிப்பு விடுவது ஈரியோபைட் என்கிற வேறு பேன், மாடித் தோட்டத்துக்கு அதற்கும் சம்பந்தமில்லை. மழை விட்டதும் மண்ணில் ஓடுகிற, வெல்வெட் துணிபோன்ற பெரிய சிவப்புப் பட்டுப்பூச்சியும் செம்பேன் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

எட்டு நாள் கணக்கு

முட்டை, ஆறு கால் குஞ்சு, இரண்டு இளம் பருவம், பிறகு முழுப் பேன். குளிர் காலத்தில் இந்தச் சுற்றுக்கு மூன்று வாரம்கூட ஆகும். 30 டிகிரியில் ஏறக்குறைய எட்டு நாளில் முடிந்துவிடும். ஒரு தாய் தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும். இணை சேராத தாயும் முட்டை இடும். அவை எல்லாம் ஆணாகப் பிறக்கும், அந்த ஆண்களோடு சேர்ந்து குடும்பம் பெருகிவிடும். ஒரே ஒரு பேன் தப்பினாலும் போதும் என்பது இதனால்தான்.

சோப்போ வேப்பெண்ணெயோ நகர்கிற பேனைக் கொல்லும். முட்டை பெரும்பாலும் தப்பிக்கும். வெயில் காலத்தில் முட்டை மூன்று நாலு நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த தெளிப்பு விழ வேண்டும். ஆகவே பங்குனி, சித்திரையில் நாலு நாளுக்கு ஒரு தெளிப்பு வீதம் மூன்று முறை. மார்கழி, தையில் ஏழு நாள் இடைவெளி போதும். "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அடிக்கிறேன்" என்பவர்களுக்குச் சித்திரையில் செம்பேன் ஏன் போவதில்லை என்பது இப்போது புரியும்.

கொங்கில் இது இவ்வளவு வேகமாகப் பரவ வறட்சிதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற மண் இது. ஈரோடு, கரூர் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிச் சிமெண்டுத் தளத்தின் சூடு அதற்கு மேல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று பேனை நூலோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த மாடியில் இறக்கிவிடும். மரவள்ளி, கொட்டமுத்து (ஆமணக்கு), பப்பாளி பக்கத்தில் இருந்தால் அங்கிருந்தும் வரும். தார் போடாத பாதையோரச் செடிகளில் புழுதி படிந்தால் பேனுக்குக் கொண்டாட்டம், அதைத் தின்னும் பூச்சிகளுக்குத் திண்டாட்டம்.

முதல் நாள்: தெளிப்பானைத் தொடாதீர்கள்

பாதிப்பு உள்ள தொட்டிகளை ஒரு ஓரமாக, மற்ற செடிகளின் இலை உரசாதபடி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். பாதிக்கு மேல் வெளிறிய அடி இலைகளைக் கத்தரித்து, வெட்டிய கையோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடத்துங்கள். உரக் குழியில் போட்டால் இலை காய்ந்ததும் பேன் எழுந்து நடந்து வந்துவிடும். ஒரே நாளில் செடியின் மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்க வேண்டாம்.

அடுத்து தண்ணீர். குழாய் முனையை விரலால் பாதி மூடினால் வருகிற அழுத்தம் போதும். இலையை உள்ளங்கையில் தாங்கி, அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். வலை அறுபடுவதுதான் இங்கே முக்கியம். வலை இருக்கும்வரை சோப்புத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், பேனைத் தொடாது. தளிரும் பூவும் உள்ள இடத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள். இதை வெடியால (விடிகாலையில்) செய்துவிட்டால் பகலுக்குள் இலை காய்ந்து, பொழுது சாயும்போது சோப்புக்குத் தயாராக இருக்கும். ஆரம்ப நிலையில் பிடித்தவர்களுக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை இந்தத் தண்ணீர் வேலையை மட்டும் செய்தாலே பல செடிகள் மீண்டுவிடும்.

எந்தத் தண்ணீரில் கரைப்பது

இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் பாதித் தோல்வி இங்கேதான் நடக்கிறது. காங்கேயம், பல்லடம், திருப்பூர் பக்கத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பு திரிந்துவிடும். அப்புறம் பேனைக் கொல்ல சோப்பே மிச்சமிருக்காது.

சோதிப்பது எளிது. அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, சீவிய சோப்பு ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை நாலைந்து நிமிடம் நின்றால் நல்லது. நுரை வராமல் தயிர் திரிந்ததுபோல வெள்ளைச் செதில் மிதந்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், மருந்து கரைக்க ஆகாது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. மற்றவர்கள் மழைத் தண்ணீரோ, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரோ பிடித்து வைக்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தில் குடிக்க வருகிற தண்ணீர் சரி, கழிவாக வெளியே போகிற தண்ணீர் வேண்டாம். உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கும்.

மூன்று கலவை

*சோப்புக் கரைசல்.* மணமும் சாயமும் இல்லாத காதி சோப்பைச் சீவி, 5 கிராம் எடுத்து ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, 1 லிட்டராக்குங்கள். துணி துவைக்கிற டிடெர்ஜென்ட் தூளும் பாத்திரம் கழுவுகிற திரவமும் வேறு பொருள், அவை இலையின் மெழுகை அரித்துக் கருக்கிவிடும். சோப்பு வேலை செய்வது ஈரமாக இருக்கும்வரைதான், காய்ந்ததும் அதன் வீரியம் போய்விடும். அதனால் படாத பேன் செத்ததில்லை. அதே காரணத்தால் மறுநாள் வருகிற நல்ல பூச்சிக்கும் ஆபத்தில்லை.

*வேப்பெண்ணெய்க் கரைசல்.* 1 லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்பு 2 முதல் 3 கிராம். வரிசை முக்கியம்: சோப்பை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால்போல வெளுக்கும்வரை அடித்து, அப்புறம் மிச்சத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும். முதல் செடிக்குத் தண்ணீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போய், கடைசிச் செடி கருகும். சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைச் சாறும் எண்ணெயைக் கரைக்கும். அடிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளிப்பானைக் குலுக்குங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

*வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம்.* ஆனி, ஆடியில் உதிர்கிற வேப்பம்பழத்தைப் பொறுக்கிச் சதை கழுவி, நிழலில் உலர்த்திய கொட்டை இருந்தால் எண்ணெயை விட இது மேல். தோடு நீக்கிய பருப்பு 50 கிராமைப் பொடித்து, துணியில் முடிந்து, அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் முடிச்சைப் பிழிந்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 1 லிட்டராக்கி 2 கிராம் சோப்பு சேர்க்கலாம். மூன்று மாதத்துக்கு மேல், எட்டுப் பத்து மாதத்துக்குள் உள்ள கொட்டைதான் வீரியமானது. பூஞ்சணம் பிடித்துக் கறுத்த கொட்டையை எறிந்துவிடுங்கள்.

அரப்புமோர், பஞ்சகவ்யா எல்லாம் வளர்ச்சிக்கு. செம்பேனுக்கு மருந்தாக அவற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரம், இலையும் கருகும், கண்ணும் எரியும். அதற்கு நனையும் கந்தகம் எவ்வளவோ தேவலை: 80 சதவீதத் தூள் 1 லிட்டருக்கு 2 கிராம். ஆனால் அதற்கு மூன்று கட்டுப்பாடு. வெயில் 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் கூடாது, அதாவது கொங்கில் கோடை முழுக்கக் கூடாது. எண்ணெய் அடித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் கூடாது. வெள்ளரி, பூசணி, பாகல் மாதிரிக் கொடிகளில் கூடாது. இரைவிழுங்கிப் பேனையும் கந்தகம் பாதிக்கும். கார்த்திகை, மார்கழியில் மஞ்சள் சிலந்திப்பேன் பிடித்த மிளகாய்க்கு மட்டும் அதை ஒதுக்கி வைப்பது நல்லது.

அடிக்கும் விதம்

எந்தக் கலவையானாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். ஓரம் கருகாவிட்டால் முழுச் செடிக்கும் போகலாம். வாடியிருக்கிற செடிக்கு அடிக்கக் கூடாது. முந்தின நாளே வேருக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். நேரம், பொழுதோட ஐந்தரைக்கு மேல். பகலில் அடித்தால் சோப்பு நிமிடத்தில் காய்ந்துவிடும், எண்ணெய் இலையை வறுத்துவிடும். ஆடிக் காற்று தூக்குகிற மாலையில் பாதி மருந்து பக்கத்து மாடிக்குத்தான் போகும். அன்று தள்ளிப்போடுங்கள், ஆனால் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.

தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, செடிக்கு அடியிலிருந்து தொடங்குங்கள். இலை அடி, காம்பு, கணு, அப்புறம்தான் மேல்பக்கம். இலை நுனியில் சொட்டுகிற அளவுக்கு நனைய வேண்டும். இரண்டடி உயரக் கத்தரிக்கு 150 மில்லி அளவு பிடிக்கும். ஒரு லிட்டரில் இருபது செடி அடித்தேன் என்றால் அது தெளிப்பு இல்லை, தீர்த்தம்.

கோடை அட்டவணை இப்படி வரும்: முதல் நாள் காலை தண்ணீர், மாலை சோப்பு. ஐந்தாம் நாள் வேப்பெண்ணெய் அல்லது கொட்டைச் சாறு. ஒன்பதாம் நாள் மறுபடி சோப்பு. பதினொன்றாம் நாள் லென்ஸோடு பத்து இலையைத் திருப்பி எண்ணுங்கள். இலைக்கு இரண்டு மூன்று பேன் மட்டும் மிஞ்சியிருந்தால் அதோடு நிறுத்துங்கள். அந்த மிச்சத்தை முடிக்க வேறு ஆட்கள் உண்டு.

தின்ன வருகிறவர்கள்

இணையத்தில் எதைத் தேடினாலும் பைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்கிற இரைவிழுங்கிப் பேனைத்தான் முதலில் காட்டும். செம்பேனைத் தவிர வேறு தின்னாத ஜாதி, குளிர்ந்த பசுமைக் குடிலில் அசத்தும். ஆனால் 30 டிகிரி தாண்டி ஈரப்பதமும் குறைந்தால் அதன் முட்டை பொரிக்காமல் வற்றிவிடும். ஊட்டிக் குளிருக்கு ஏற்றதைத் தாராபுரம் மாடியில் விட்டால் காசுதான் போகும். நம் ஊரிலேயே இருக்கிற நியோசியூலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் என்ற பேன் வெக்கையை இதைவிடத் தாங்கும்.

அதைவிட எளிதாகக் கண்ணில் படுவது ஸ்டெத்தோரஸ் என்கிற கரும் பொறிவண்டு. குண்டூசித் தலையளவுதான், 1 முதல் 1.5 மில்லிமீட்டர். எள்ளின் தூசி என்று தட்டிவிடுவோம். அதன் புழு சாம்பல் கறுப்பில் மயிரோடு இருக்கும். வண்டும் புழுவும் செம்பேன் இருக்கிற இலையைத் தேடியே வரும். வெளிர் மஞ்சள் உடம்பில், இறக்கைக்கு மூன்று கரும்புள்ளி உள்ள ஒரு இலைப்பேனும் செம்பேனைத் தின்னும், எல்லா இலைப்பேனும் எதிரி இல்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை மயிரிழைக் காம்பின் நுனியில் ஆடிக்கொண்டிருக்கும். அதன் புழு அசுவினி கிடைத்தால் அதைத்தான் முதலில் தின்னும், ஆனாலும் செம்பேனையும் விடாது. அந்தப் புழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால், வாங்கி விடுகிறவர்கள் செடிக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து, மாலையில் விட வேண்டும். நன்மை செய்யும் பூச்சிகள் எங்கே கிடைக்கும் என்பதைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் கொண்டுவர ஒரு வழி உண்டு. மஞ்சள் காட்டு வரப்பில் நிற்கிற கொட்டமுத்துச் செடியின் முதிர்ந்த இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வலை பழசாகி, செம்பேன் குறைந்து, கரும் பொறிவண்டும் அதன் புழுவும் ஓடுகிற பேனும் நிறைய இருக்கிற இலையாகத் தேர்ந்து, வெடியால பறித்துக் காகிதப் பையில் கொண்டுவந்து, உங்கள் கத்தரி இலையின் மேல் உரசும்படி நூலால் கட்டுங்கள். செம்பேன் கொழித்துக் கிடக்கிற இலையை எடுத்து வந்தால் வினையைக் கூலி கொடுத்துக் கூட்டி வந்ததாகும். பத்து செம்பேனுக்கு ஒரு இரைவிழுங்கி என்ற கணக்கு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் நிலைமை திரும்பும். மருந்து அடித்த வரப்பில் எடுக்காதீர்கள். கொட்டமுத்து விதை நஞ்சு, குழந்தைகள் உள்ள மாடியில் அந்தச் செடியையே வைத்து வளர்க்க வேண்டாம்.

விடுவதற்கு முன் இடைவெளி: சோப்பு என்றால் இரண்டு நாள், வேம்பு என்றால் ஒரு வாரம், கந்தகம் என்றால் இரண்டு வாரமாவது. விட்ட பிறகு மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்து ஈரம் வையுங்கள், பங்குனி முதல் நிழல்வலை கட்டுங்கள். தொட்டிகளில் எறும்பு ஏறினால், தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல் காக்கிற எறும்பு, பொறிவண்டை விரட்டிவிடும். ஓரத்தில் கொத்தமல்லி, சோம்பு, தட்டைப்பயறு பூக்க விட்டால் கண்ணாடி இறக்கைப் பூச்சி தங்கும். செண்டுமல்லியை எல்லாரும் காவல் செடி என்று வைக்கிறார்கள். கோடையில் அதுவே செம்பேன் பண்ணை ஆகிவிடுவது உண்டு, வாரம் ஒருமுறை அதன் இலையையும் பாருங்கள்.

கெடுத்துக்கொள்கிற வழிகள்

வெள்ளை ஈக்கு என்று அடிக்கிற பூச்சிமருந்துதான் முதல் குற்றவாளி. செம்பேன் பூச்சி இனமே இல்லை, சிலந்தி இனம். சைபர்மெத்ரின் போன்றவை பொறிவண்டைக் கொன்று செம்பேனை விட்டுவைக்கும், இரண்டு வாரத்தில் வலை கட்டி நிற்கும். அடுத்தது உரம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரத்துக்கு இரண்டு முறை ஊற்றிக் கொழுத்த தளிரில் செம்பேன் இன்னும் வேகமாகப் பெருகும். பாதிப்பு இருக்கிற மூன்று வாரம் அதை நிறுத்துங்கள். மூன்றாவது, காய்ந்து வாடவிட்டு ஒரேயடியாக ஊற்றுவது. நார்க்கழிவு கலந்த தொட்டிக்குச் சித்திரையில் காலை மாலை இரு வேளை அளவாக விடுவதே சரி.

வெளிறிய பழைய இலை திரும்பப் பச்சை ஆகாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நாலாவது தெளிப்புக்குப் போகாதீர்கள். கடைசித் தெளிப்புக்குப் பிறகு விரிந்த நாலு இலையைப் பாருங்கள். அவை புள்ளியில்லாமல் இருந்தால் முடிந்தது. அவற்றிலும் புள்ளி விழுந்து, நுனிவரை வலை மூடியிருந்தால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி, தொட்டியையும் கட்டிய குச்சி, கயிறுகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய விடுங்கள். அந்த இடத்தில் மறுபடி கத்தரி நட ஐப்பசி மழை வரட்டும்.